போர்க்காலமும் ஒரு சென்ட் காசும்: மாதிரி நாணயங்கள் சொல்லும் வரலாறு

நம் இல்லங்களில் மூத்தோர் போற்றி வைத்திருக்கும் பழைய பெட்டிகளைத் திறந்து பார்த்தால், அடியில் எங்கேனும் நடுவில் துளையுள்ள ஒரு வெண்கலக் காசு கிடைப்பதுண்டு. அதனை 'ஓட்டைக் காலணா' என்று அக்காலத்தார் அழைத்தனர். சிறுவர்கள் அதனைக் கயிற்றில் கோத்து விளையாடினர். கடைக்காரர்கள் கம்பியில் கோத்து எண்ணி வைத்தனர். அந்தத் துளை அழகுக்காக இடப்பட்டது அன்று. அக்காசு வெளிவந்த ஆண்டு 1943. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. துளை வழியே மிச்சப்பட்ட செம்பு போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டது.

அதே 1943-ஆம் ஆண்டில், கடல் கடந்த அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் மிகச் சிறிய காசு ஒன்று உருமாறியது. தலைமுறை தலைமுறையாகச் செந்நிறத்தில் புழங்கி வந்த ஒரு சென்ட் நாணயம் திடீரென்று வெள்ளை நிறம் பூண்டது. செம்பு போய், துத்தநாகம் பூசிய எஃகு வந்தது. இம்மாற்றம் ஒரே நாளில் தீர்மானிக்கப்பட்டதன்று. அதற்கு முன்பு பல மாதங்கள் கண்ணாடியிலும், ரப்பரிலும், பிளாஸ்டிக்கிலும், அலுமினியத்திலும் காசு அடித்துப் பார்த்தனர். அந்தச் சோதனைகளில் எஞ்சிய ஒரு சில துண்டுகளே இன்று உலகின் அரிய நாணயங்களுள் எண்ணப்படுகின்றன. ஒரு நாணயத்தின் மதிப்பு எங்கே தங்கியிருக்கிறது என்ற பழைய வினாவுக்கு அவை கூறும் விடை, வணிகத்தோடு தொடர்புடைய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

மாதிரி நாணயம் என்பது யாது?

புதிய நாணயம் ஒன்றை வெளியிடுமுன், நாணயச்சாலையார் அதன் வடிவத்தையும் உலோகத்தையும் எடையையும் சோதித்துப் பார்ப்பதற்காகச் சில துண்டுகளை மட்டும் அடித்துப் பார்ப்பர். அவையே மாதிரி நாணயங்கள். ஏற்கப்பட்டால் அதே வடிவம் கோடிக்கணக்கில் புழக்கத்துக்கு வரும். ஏற்கப்படாவிட்டால் அந்த ஒரு சில துண்டுகளோடு அம்முயற்சி முடிந்துவிடும். புழக்கத்திலுள்ள நாணயம் ஓர் அரசு எடுத்த முடிவைக் காட்டுகிறது. மாதிரி நாணயமோ அம்முடிவுக்கு முன்னர் அவ்வரசு பட்ட ஐயங்களைக் காட்டுகிறது.

அமெரிக்க நாணயச்சாலை தொடங்கப்பெற்ற 1792-ஆம் ஆண்டிலேயே இத்தகைய மாதிரி ஒன்று அடிக்கப்பட்டது. ஒரு சென்ட் பெறுமானமுள்ள செம்பைக் கொண்டு காசு செய்தால் அது மிகப் பெரியதாகவும் கனமாகவும் அமையும். எனவே சிறிய செப்பு வில்லை ஒன்றின் நடுவில் துளையிட்டு, அத்துளையில் ஒரு சிறு வெள்ளித் துண்டைச் செருகி அடித்துப் பார்த்தனர். உலோகத்தின் விலையும் காசின் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அன்றைய ஆட்சியாளர் கருதியதன் விளைவு அது. வெள்ளித் துண்டைச் செருகுவது கடினமான வேலை என்பதால் அம்மாதிரி கைவிடப்பட்டது.

ஒரு போர் தந்த வெண்கலம்

உலோகத்தின் விலையே காசின் மதிப்பு என்ற எண்ணம் தளர்வதற்கு எழுபது ஆண்டுகள் ஆயின. அதற்கும் ஒரு போரே காரணமாயிற்று. 1861-இல் அமெரிக்காவின் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அச்சமுற்ற மக்கள் முதலில் பொன்னையும், பின்னர் வெள்ளியையும், இறுதியில் சிறு காசுகளையும் பதுக்கத் தொடங்கினர். அக்காலத்துச் சென்ட் 88 விழுக்காடு செம்பும் 12 விழுக்காடு நிக்கலும் கலந்தது; எடை 4.67 கிராம். 1862-இன் இறுதியில் அதுவும் கடைத்தெருவிலிருந்து மறைந்தது.

சில்லறை இல்லாமல் வணிகம் நடக்குமா? வணிகர்கள் தாமே ஒரு வழி கண்டனர். மெல்லிய வெண்கல வில்லைகளில் தம் கடையின் பெயரையும் அடையாளத்தையும் பொறித்து ஒரு சென்டுக்கு ஈடாக வழங்கினர். அவற்றில் இருந்த உலோகத்தின் விலை மிகவும் குறைவு. ஆயினும் மக்கள் தயங்காமல் பெற்றுக்கொண்டனர். கொடுத்தவரைத் தெரியும், திரும்பக் கொடுத்தால் பெற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கையே அவ்வில்லைகளை நடத்தியது.

இதனை நாணயச்சாலையார் கூர்ந்து கவனித்தனர். 1863-ஆம் ஆண்டு பொறித்த வெண்கலச் சென்ட் மாதிரிகளை அடித்துப் பார்த்தனர். 1864 ஏப்ரல் 22-ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 3.11 கிராம் எடையுள்ள வெண்கலச் சென்ட் நடைமுறைக்கு வந்தது. வணிகர்களின் தனி வில்லைகள் தடை செய்யப்பட்டன. 95 விழுக்காடு செம்பும் எஞ்சிய 5 விழுக்காடு வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த அந்த வெண்கலம் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நிலைத்தது. போர் ஈன்ற அதனைப் பின்னர் விலக்கியதும் போரே.

செம்புக்கு வந்த கிராக்கி

1941 டிசம்பர் 7-ஆம் நாள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதும் அமெரிக்கா போரில் இறங்கியது. துப்பாக்கித் தோட்டாவின் உறையும் பீரங்கிக் குண்டின் உறையும் பித்தளையால் ஆனவை. அப்பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். மின்கம்பி, கப்பல் உறுப்புகள், வானொலிக் கருவிகள் என எதனை எடுத்தாலும் செம்பு இன்றியமையாததாயிற்று. வெள்ளீயத்தின் நிலையோ இன்னும் இடர்ப்பாடானது. உலகின் வெள்ளீயத்தில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதத்திலேயே கிழக்கிந்தியத் தீவுகளும் வீழ்ந்தன.

ஒரு சென்ட் காசுக்கு எவ்வளவு செம்பு செலவாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஒரு காசுக்கு மூன்று கிராமுக்கும் சற்றுக் குறைவுதான். ஆனால் 1941-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க நாணயச்சாலைகள் அடித்த சென்ட் காசுகள் 110 கோடிக்கும் மேல். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 3,200 டன் செம்பு. துளித்துளியாகச் சிந்துவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கணக்கு எழுதும்போதுதான் தெரிகிறது.

1942-இல் முதலில் வெள்ளீயத்தைக் குறைத்தனர். அடுத்துச் செம்பையே விட்டுவிட்டு வேறு பொருளில் காசு அடிக்க இயலுமா என்று ஆராயத் தொடங்கினர். அப்போது நாணயச்சாலைத் துறையின் இயக்குநராக இருந்தவர் நெல்லி டெய்லோ ராஸ் என்னும் அம்மையார். அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆளுநராகப் பதவியேற்ற முதற்பெண்மணி என்ற பெருமைக்கும் உரியவர் அவர்.

கண்ணாடியில் ஒரு காசு

நாணயச்சாலையாருக்கு உலோகம் தெரியும். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் தெரியாது. எனவே அத்தொழிலில் தேர்ந்த தனியார் ஆலைகளின் உதவியை நாடினர். அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. லிங்கனின் உருவம் பொறித்த உண்மையான சென்ட் அச்சினைத் தனியார் கையில் கொடுப்பது எங்ஙனம்? அது கள்ளக் காசுக்கு வழி திறந்துவிடும் அன்றோ?

தலைமைச் செதுக்குநராக இருந்த ஜான் சின்னாக் இதற்கென்றே வேறோர் அச்சினை உருவாக்கினார். அதன் முகப்பில் ஒரு பெண்ணின் தலை. இருபுறமும் 'சுதந்திரம்', 'நீதி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். கீழே 1942 என்ற ஆண்டு. அப்பெண்ணுருவம் கொலம்பியா நாட்டு இரண்டு சென்டாவோ காசிலிருந்து எடுத்தாளப்பட்டது. பின்புறத்தில் ஓர் இலைவளையம். அதனுள் அமெரிக்க நாணயச்சாலையின் பெயர். மதிப்பு எதுவும் பொறிக்கப்படவில்லை. அளவில் சென்ட் போலவே இருக்கும். ஆயினும் எவரும் அதனைக் காசென்று கொடுத்து ஏமாற்ற இயலாது.

இவ்வச்சினைக் கொண்டு பல பொருள்களில் மாதிரிகள் அடிக்கப்பட்டன. துத்தநாகம், துத்தநாகம் பூசிய எஃகு, அலுமினியம், மாங்கனீசு, வெள்ளை உலோகக் கலவை ஆகியவை ஒருபுறம். பேக்கலைட், கடின ரப்பர், நார்ப்பலகை, பல நிறப் பிளாஸ்டிக்குகள் மறுபுறம். டுரெஸ், டென்னசி ஈஸ்ட்மன் போன்ற புகழ்பெற்ற ஆலைகள் இம்முயற்சியில் பங்கு கொண்டன.

யாவற்றினும் வியப்பூட்டுவது கண்ணாடிக் காசு. டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்போர்ட் நகரில் இருந்த புளூ ரிட்ஜ் கண்ணாடி ஆலையார், மஞ்சள் சாயல் கொண்ட கண்ணாடி வில்லைகளைச் சூடாக்கி, அச்சிட்டு, உறுதி பெறப் பதப்படுத்திப் பார்த்தனர். மணலுக்கும் சோடா உப்புக்கும் போரில் பெரிய தட்டுப்பாடு இல்லை; ஆகவே கண்ணாடி நல்ல மாற்றாகலாம் என்று எண்ணினர். ஆனால் உருவம் கூர்மையாகப் பதியவில்லை. கண்ணாடி எத்துணை உறுதி பெற்றாலும் என்றேனும் உடையக்கூடியதே. சட்டைப்பையில் இருக்கும் காசு உடைந்து கையைக் கிழித்தால் அதனை யார் ஏற்பர்?

பிளாஸ்டிக் காசுகளின் குறை வேறு. அவை கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு இலேசானவை. மேசையில் போட்டால் காசின் ஓசை எழாது. உலோக வில்லையை அச்சு இயந்திரம் கண நேரத்தில் அடித்துத் தள்ளிவிடும். பிளாஸ்டிக்கையோ சூடேற்றி, அழுத்தி, ஆறவிட்டு எடுத்தல் வேண்டும். மேலும் பொத்தான் செய்யும் எந்த ஆலையும் அத்தகைய காசினைச் செய்துவிடக்கூடும். செயற்கைப் பிசின்களும் போர்த் தொழிலுக்கு வேண்டியவையாகவே இருந்தன.

ஓரிடத்தில் நின்று சிந்திக்க வேண்டும். இப்பொருள்களுள் எதுவும் 'விலை குறைந்தது' என்ற காரணத்தால் தள்ளப்படவில்லை. 1792-இல் வெள்ளித் துண்டைச் செருகிப் பெறுமானத்தை நிறைவு செய்ய முயன்ற அதே நாணயச்சாலை, 150 ஆண்டுகளுக்குப் பின்னர் ரப்பரையும் கண்ணாடியையும் ஆராய்ந்தபோது கேட்ட வினாக்கள் வேறு. கை இதனை அறியுமா? கண் அறியுமா? செவி அறியுமா? கள்ளன் செய்ய முடியாததாக இருக்குமா? காசு என்பது மக்கள் பார்த்த மாத்திரத்தில் நம்புகின்ற ஒரு பொருள் என்ற உண்மையை அவர்கள் அதற்குள் உணர்ந்துவிட்டனர்.

வெள்ளைக் காசு பட்ட பாடு

இறுதியில் துத்தநாகம் பூசிய எஃகு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1942 டிசம்பர் 18-ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கான சட்டத்தை இயற்றியது. 1943 பிப்ரவரியில் எஃகுச் சென்ட் புழக்கத்துக்கு வந்தது. பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று சாலைகளிலுமாக அவ்வாண்டில் 109 கோடிக்கும் மேற்பட்ட காசுகள் அடிக்கப்பட்டன. செம்பு மிச்சம் என்ற கணக்கில் அது முழு வெற்றி.

ஆனால் மக்களின் கை அதனை ஏற்கவில்லை. புதிதாகப் பளபளக்கும் அக்காசு, டைம் என்று வழங்கும் 10 சென்ட் வெள்ளிக் காசினைப் போலத் தோன்றியது. அவசரத்தில் ஒன்றுக்குப் பத்தாகக் கொடுத்து ஏமாந்தவர் பலர். காசு போட்டால் பண்டம் தரும் இயந்திரங்களில், இரும்பு வில்லைகளைப் போட்டு ஏமாற்றுவாரைத் தடுக்கக் காந்தம் வைத்திருந்தனர். அக்காந்தம் அரசின் காசையே கள்ளக் காசென்று பிடித்துக்கொண்டது.

துருவும் சேர்ந்துகொண்டது. எஃகுத் தகட்டின் மீது முதலில் துத்தநாகம் பூசி, அதன் பின்னரே வட்ட வில்லைகளாக வெட்டினர். அதனால் காசின் இரு முகங்களுக்கும் காப்பு இருந்தது; வெட்டுப்பட்ட விளிம்புக்கு இல்லை. கைவியர்வையும் ஈரமும் பட்டவுடன் விளிம்பிலிருந்து துரு ஏறியது. பளபளப்பு மங்கிக் கருத்தது. சோதனைக் கூடத்தில் தேறிய பொருள் சந்தையில் தேறவில்லை.

ஓராண்டிலேயே அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1944 முதல் மீண்டும் செம்பு கலந்த சென்ட் வந்தது. இம்முறை, பயன்படுத்தித் தீர்ந்த தோட்டா உறைகளின் பித்தளையை உருக்கிச் செம்பு சேர்த்துக் காசுக்கு உரிய உலோகமாக்கத் திட்டமிட்டனர். எந்த உறைகளுக்காகச் செம்பு காசிலிருந்து பறிக்கப்பட்டதோ, அவ்வுறைகளிலிருந்தே அது காசுக்குத் திரும்பியது. எஞ்சிக் கிடந்த எஃகு வில்லைகளும் வீணாகவில்லை. விடுதலை பெற்ற பெல்ஜியம் நாட்டுக்காக 1944-இல் பிலடெல்பியா நாணயச்சாலை அவ்வில்லைகளில் 2 பிராங்க் காசுகளை அடித்து அனுப்பியது, அவை 2.5 கோடி.

வெள்ளி செம்புக்கு ஏவல் செய்த காலம்

ஐந்து சென்ட் காசின் கதையும் இதனோடு சேர்த்துக் கூறத்தக்கது. 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் கொண்டது அக்காசு. போர்க்கலங்களின் கவசத் தகடுகளுக்கு நிக்கல் தேவைப்பட்டது. 1942 மார்ச்சு 27-ஆம் நாளின் சட்டம் உலோகத்தை மாற்ற இசைவளித்தது. சோதனைகளுக்குப் பின்னர், அவ்வாண்டு அக்டோபர் முதல் 56 விழுக்காடு செம்பும், 35 விழுக்காடு வெள்ளியும், 9 விழுக்காடு மாங்கனீசும் கலந்த காசு வெளிவந்தது. போர் முடிந்ததும் இவற்றைப் பிரித்தெடுக்க எளிதாக இருக்கும்பொருட்டு, பின்புறக் கட்டடத்தின் கூரைக்கு மேலே நாணயச்சாலையின் குறியெழுத்தைப் பெரியதாகப் பொறித்தனர்.

நிக்கலை மிச்சப்படுத்த வெள்ளியைச் செலவிடுவதா என்று வியக்கத் தோன்றும். அன்று வெள்ளி கருவூலத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. நிக்கல் இல்லாமல் போர்க்களத்தில் உயிர்கள் மாண்டன. இதே தலைகீழ் கணக்கு வேறோர் இடத்தில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. கண்ணாடிக் காசு அடித்துப் பார்த்த அதே டென்னசி மாநிலத்தில், ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில், அணுகுண்டுக்கான யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. அங்கிருந்த மாபெரும் மின்காந்தங்களுக்குச் செம்புச் சுருள் கிடைக்கவில்லை. அமெரிக்கக் கருவூலம் 14,000 டன்னுக்கும் மேற்பட்ட வெள்ளியைக் கடனாகக் கொடுத்தது. அவ்வெள்ளியைப் பட்டையாக்கிச் சுருளாகச் சுற்றினர். போருக்குப் பின்னர் மிகச் சொற்பமான சேதாரத்துடன் அது கருவூலத்துக்குத் திருப்பித் தரப்பட்டது.

சந்தை விலை வேறு, காலத்தின் தேவை வேறு. அமைதிக் காலத்தில் செம்புக்கு மேலே வெள்ளி அமர்ந்திருக்கும். போர்க்காலத்திலோ வெள்ளி செம்புக்கு ஏவல் செய்தது. அவ்வேவலின் முடிவில் எழுந்தது எத்தகைய கருவி என்பதையும், அது எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதையும் உலகம் அறியும்.

எஞ்சியவையும் தவறியவையும்

1942-இன் மாதிரிகள் சோதனை முடிந்ததும் திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட வேண்டியவை. ஆயினும் ஆலைகளிலும் அலுவலர் கையிலும் ஒரு சில தங்கிவிட்டன. அழிவுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட அத்துண்டுகள் இன்று பெருமதிப்புப் பெறுகின்றன. கண்ணாடி மாதிரி ஒன்று 2017 ஜனவரியில் நடந்த ஏலத்தில் 70,500 டாலருக்கு விலைபோயிற்று.

மாதிரிகளோடு சேர்த்து எண்ண வேண்டியவை, உலோகம் மாறி அடிபட்ட காசுகள். 1942-இன் இறுதியில் நாணயச்சாலைத் தொட்டிகளின் இடுக்குகளில் சில வெண்கல வில்லைகள் சிக்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு எஃகு வில்லைகளோடு கலந்து அச்சுக்குள் சென்றன. அவ்வாறு தவறிப் பிறந்தவையே 1943-ஆம் ஆண்டு பொறித்த செம்புச் சென்ட்கள். அவற்றுள் இருபதளவே அறியப்பட்டுள்ளன. அதற்கு மறுதலையாக 1944-ஆம் ஆண்டு பொறித்த எஃகுச் சென்ட்களும் சில உண்டு.

1947-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளி மாணவன் ஒருவன், உணவுக்கூடத்தில் தனக்குக் கிடைத்த சில்லறையில் 1943-இன் செம்புச் சென்ட் ஒன்றைக் கண்டான். அத்தகைய காசுக்கு ஒரு மோட்டார் வாகனமே பரிசு என்று அப்போது ஒரு வதந்தி பரவியிருந்தது. விசாரித்ததில் அது பொய்யாயிற்று. அவ்வாண்டில் செம்புக் காசு எதுவும் அடிக்கப்படவில்லை என்றே அரசுத் தரப்பும் கூறியது. கையில் காசு இருக்கிறது. காசு இல்லை என்கிறது ஏடு. அவன் வாதாடவில்லை, எடுத்து வைத்துக்கொண்டான். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதுகாத்தான். முதிய வயதில் அவர் மறைந்தபின், 2019 ஜனவரியில் அக்காசு 2,04,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

இத்தகைய விலையைக் கேட்டதும் போலிகளும் பெருகுவது இயல்பு. எஃகுச் சென்டின் மேல் செம்பு முலாம் பூசி விற்பார் உண்டு. 1948-ஆம் ஆண்டுக் காசில் எட்டு என்ற எண்ணின் இடப்பக்கத்தை இழைத்து மூன்றாக்குவாரும் உண்டு. முதலாவதைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். செம்புக் காசு காந்தத்தில் ஒட்டாது. எடையும் காட்டிக்கொடுக்கும், செம்புச் சென்ட் 3.11 கிராம், எஃகுச் சென்ட் 2.7 கிராம் அளவே. இரண்டாவதைக் கண்டறிய உருப்பெருக்கிக் கண்ணாடியும், பிற காசுகளின் எண் வடிவத்தோடு ஒப்பிடும் பொறுமையும் வேண்டும்.

நம் வீட்டுக் காசு

இனி நம் ஓட்டைக் காலணாவுக்குத் திரும்புவோம். இந்தியாவிலும் அப்போரில் சில்லறைத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1940-இல் ரூபாயின் வெள்ளி 91.7 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கடன்-குத்தகைத் திட்டத்தின் கீழ் அமெரிக்காவிலிருந்து 22 கோடி அவுன்சுக்கும் மேற்பட்ட வெள்ளி இந்தியாவுக்கு வந்தது. செம்பினை மிச்சப்படுத்த, முன்பிருந்த காலணாவின் எடையில் பாதிக்கும் குறைவாக ஓட்டைக் காலணா அடிக்கப்பட்டது.

அமெரிக்கரின் எஃகுச் சென்ட் ஓராண்டில் நின்றது. நம் ஓட்டைக் காலணாவோ 1947 வரை அடிக்கப்பட்டது. துளையைத் தொட்டுப் பார்த்தாலே இருட்டிலும் அது இன்ன காசு என்று கை அறிந்துகொண்டது. வேறெந்தக் காசோடும் அது மயங்கவில்லை. உலோகத்தைக் குறைத்தாலும் மக்களின் அடையாளத்தைக் குறைக்காதது அக்காசின் சிறப்பு. அமெரிக்க நாணயச்சாலை கண்ணாடியிலும் ரப்பரிலும் எஃகிலும் தேடிக் கற்ற பாடம் அத்துளையில் இருக்கிறது.

நம் பெட்டிகளில் கிடக்கும் பழங்காசுகளைப் பற்றி இறுதியாக ஒரு சொல். பளபளப்பாக்க வேண்டும் என்று புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தல் கூடாது. தேய்த்தால் காசின் மேலிருக்கும் இயல்பான காலப்படிவு அழியும்; நாணயம் திரட்டுவோர் அதனைப் பின்னர் விரும்பார். மெல்லிய தாளில் தனித்தனியே பொதிந்து, ஈரம் படாத இடத்தில் வைத்தாலே போதும். அது எவர் கையிலிருந்து எக்காலத்தில் வந்தது என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி உடன் வைப்பது அதனினும் நன்று. போர்க்காலத்துச் சில்லறைத் தட்டுப்பாட்டைக் கண்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. காசு இன்னும் பல தலைமுறைகள் இருக்கும். அதன் கதையைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோமாக.